மாசூட்டல்

பிளஸ் டூ பௌதிகத்தில் குறைகடத்திகள் என்று ஒரு பாடம் உண்டு. முப்பது வருடம் அதை நடத்தியிருக்கிறேன். குரோம்பேட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி வகுப்பு, சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியட். "குறைகடத்தின்னா கம்மியா கடத்துற கடத்தல்காரனா சார்?" என்று வருடத்துக்கு ஒருவன் கேட்பான். கேட்பவன் மாறுவான், கேள்வி மாறாது. நானும் முதல் தடவை கேட்பவன் மாதிரி சிரித்து வைப்பேன். பிறகு கரும்பலகையில் சிலிக்கான் அணுக்களை வட்டம் வட்டமாகப் போட்டு, நடுவில் ஒன்றை அழித்து, அந்த இடத்தில் வேறொரு அணுவை வரைவேன். சுத்தமான சிலிக்கானில் கோடியில் ஓர் அணு வேறாக இருந்தால் போதும், அதன் குணமே மாறிவிடும். அளந்து, வேண்டுமென்றே அப்படிச் செய்வதற்கு மாசூட்டல் என்று பெயர். கேட்காமல் வந்து விழுந்தால் அது வெறும் மாசு, சில்லை, அதாவது சிப்பை, தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொன்ன ஆளுக்கு அது எவ்வளவு தூரம் உள்ளே போயிருந்தது என்பதுதான் இந்தக் கதை.

நாங்கள் இருப்பது கிழக்குத் தாம்பரம், சேலையூர்ப் பக்கம், ஒரு பழைய அடுக்குமாடியின் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வாங்கும்போது, "ரெண்டு மாடிதானே, உடற்பயிற்சி ஆச்சு" என்று நான்தான் சொன்னேன். உடற்பயிற்சி யாருக்கு என்று சொல்லவில்லை. மொத்தம் நாற்பத்திரண்டு படி. பால், காய், கோயில், ரேஷன் கடை என்று ஒரு நாளைக்கு மூன்று முறையாவது இறங்கி ஏறிக்கொண்டிருந்தவள் என் மனைவி. ஐம்பத்தைந்து வயதில் அவளுக்கு முட்டி தேய ஆரம்பித்தது. முதலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அப்புறம் முதல் மாடியில் ஒரு தடவை நின்று ஏறினாள். அப்புறம் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, குழந்தை ஏறுவதுபோல ஏறினாள்.

அந்தச் சமயத்தில்தான், பெரும்பாக்கம் பக்கம் அவளுடைய அப்பா எப்போதோ வாங்கிப் போட்டிருந்த நிலத்தை அவள் அண்ணன்மார் விற்றார்கள். தங்கைக்குப் பட்டை நாமம் போட்டுவிடுவார்கள் என்று நான் நிச்சயமாக இருந்தேன். அவர்களோ வீடு தேடி வந்து, மூச்சு வாங்கப் படியேறி, அவளுடைய பங்கை ஒழுங்காகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"லிஃப்ட் இருக்கற வீடா ஒண்ணு பாருங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றாள்.

பார்த்தோம். இருக்கிற வீட்டை விற்று, அவள் பங்கையும் போட்டால்கூடக் கொஞ்சம் துண்டு விழுந்தது. அந்தத் துண்டை நிரப்புவதற்காக, அவள் பங்கை எடுத்துப் பங்குகள் வாங்கினேன். ஒருமை பன்மை வித்தியாசம்தான், பெரிய விஷயமில்லை என்று அப்போது பட்டது.

யோசனை முதல் மாடிக்காரருடையது. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் இருவரும் நடக்கப் போவோம். பெரும்பாலும் அவர் வாய்தான் நடக்கும், நான் கூடப் போவேன்.

"சிப் கம்பெனி ஷேர ஊரே வாங்குது வாத்யாரே. இன்னிக்கு இவன் மேல, நாளைக்கு அவன் மேல. நாம அத வாங்கக் கூடாது. அந்த சிப்ப செய்யற மெஷின செய்யறான் பாருங்க, அவன வாங்கணும். முகூர்த்த மாசத்துல மாப்ள யாரா இருந்தா நமக்கென்ன? பந்தல் போடறவனுக்குப் பணம் வந்துடுதுல்ல?"

பந்தல்காரன் என்றதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என் விஷயத்தில் ஆபத்து எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கும். ஆனால் நிஜமான பந்தல்காரர்கள் எல்லாரும் வெளிநாட்டில் இருந்தார்கள், அவர்கள் பங்கின் விலை எங்களுக்கு எட்டாது. முதல் மாடிக்காரர் விடவில்லை. பந்தல்காரனுக்கு மூங்கில் கொடுக்கிற ஒருவனைக் கண்டுபிடித்தார். மேடவாக்கம் தாண்டி சிறுசேரி போகிற வழியில் ஒரு சின்னக் கம்பெனி. சில்லு செய்கிற இயந்திரத்தின் உள்ளே காற்றே இல்லாத ஓர் அலுமினியப் பெட்டி இருக்கும், சிலிக்கான் தட்டின் மேல் நடக்கிற வேலையெல்லாம் அதற்குள்தான். சேம்பர் என்பார்கள். அந்த சேம்பரைக் கடைந்து, கழுவி, உறை போட்டு வெளிநாட்டு இயந்திரக் கம்பெனிக்கு அனுப்புவது இவர்கள் தொழில். பங்குச் சந்தையில் இன்னும் வராத கம்பெனி. குரோம்பேட்டையில் ஒரு தரகர் மூலம் பங்கு வாங்கலாம். வாங்குவது சுலபம், விற்பதற்குத்தான் ஆள் வர வேண்டும்.

அவர்களுடைய விளம்பரப் புத்தகத்தைப் புரட்டினேன். வெற்றிடம், சிலிக்கான், மாசற்ற அறை என்று பக்கத்துக்குப் பக்கம் என் பாடம். முப்பது வருடம் இந்தப் பாடத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், பதிலுக்கு அது எனக்கு ஏதாவது செய்ய வேண்டாமா என்று ஓர் உரிமை வந்துவிட்டது. மனைவி நான் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

"லிஃப்ட் வந்துடுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"வந்துடும்" என்றேன், பரீட்சைக்கு இந்தக் கேள்வி வருமா என்று கேட்டவனுக்குச் சொல்கிற தோரணையில்.

உண்மையைச் சொல்ல வேண்டும், பங்கு விலை ஏறியது. இரண்டு வருடத்தில் துண்டு விழுந்த இடம் ஏறக்குறைய மூடிவிட்டது. என் தலைக்கனத்தைத் தாங்க முடியாத காலம் அது. காய் வாங்கப் போன இடத்தில் இயந்திரக் கம்பெனிகளின் எதிர்காலம் பற்றிப் பேசினேன். கல்யாண வீட்டுப் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவே, பக்கத்து இலைக்காரரிடம் பேசினேன். அவர் மோருக்குக் காத்திராமல் எழுந்து போய்விட்டார்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. சின்னக் கம்பெனி என்பதால் எங்களைப் போன்ற சில்லறைப் பங்குதாரர்களையும் கூப்பிட்டார்கள். முதல் மாடிக்காரர் அவருடைய பழைய பட்டறைப் பூஜைக்குப் போய்விட்டார், அங்கே பொரியோடு சாப்பாடும் உண்டு. நான் மட்டும் கிளம்பினேன். வாசலில் செருப்பை மாட்டும்போது மனைவி ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள்.

"குன்றத்தூர் விபூதி. அந்த மெஷினுக்கு ஒரு கீத்து வச்சிட்டு வந்துடுங்க."

"அங்கெல்லாம்..." என்று ஆரம்பித்தேன். விளக்குவதற்கு ஒரு பீரியட் ஆகும். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கம்பெனியில் பூஜை தடபுடலாக நடந்தது. கடைசல் இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. கேட்டுக்கு வெளியே பூசணிக்காய் உடைத்தார்கள். அதன் பிறகு எங்களில் நான்கைந்து பேரைக் கழுவுகிற பகுதிக்கு அழைத்துக்கொண்டு போனது தரக் கட்டுப்பாட்டு மேலாளர், முப்பத்தைந்து வயது இருக்கும் பெண்.

"கிளீன் ரூம்ல மட்டும் பூஜை கிடையாது சார். தூசியே ஆகாது" என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்க பிசிக்ஸ் வாத்தியார், உங்களுக்குத் தெரியாததா" என்றாள். நான் தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். தெரிந்தவன்தானே.

தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகமூடி, கையுறை, காலுக்கு உறை. உள்ளே போனோம். நடுவில் ஒரு மேஜை மேல் சேம்பர் இருந்தது. பெரிய இட்லிக் கொப்பரை அளவு, பக்கத்தில் குழாய் மாட்டுவதற்கு ஒரு வட்டத் துளை, கண்ணாடி மாதிரி பளபளப்பு. சோதனையெல்லாம் முடிந்துவிட்டது, சாயங்காலம் உறை போட வேண்டியதுதான் பாக்கி என்றாள் அந்தப் பெண். மற்றவர்கள் கழுவுகிற தொட்டிகளைப் பார்க்க மறுகோடிக்குப் போனார்கள். நான் சேம்பர் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

அந்த நிமிடத்தைப் பற்றி இப்போதுகூட எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. பக்தி என்று சொன்னால் பொய். நான் கோயிலுக்குப் போனால் செருப்புக்குக் காவல் இருக்கிற ரகம். ஆனால் அவளுடைய அப்பா நிலம், அவளுடைய முட்டி, எங்களுடைய நாற்பத்திரண்டு படி எல்லாம் கடைசியில் இந்த ஓர் அலுமினியப் பெட்டியில் வந்து நிற்கிறதே என்று நினைத்தபோது பயமாக இருந்தது. நிஜமான பயம். கழுத்தருகே ஜிப்பை இறக்கி, இரண்டு விரலை விட்டுப் பொட்டலத்தை எடுத்தேன்.

வைப்பது என்று முடிவான பிறகு வெட்கம் வந்தது. பிசிக்ஸ் வாத்தியார் கிளீன் ரூமில் விபூதி வைக்கிறார் என்று யாராவது பார்த்துவிட்டால்? சேம்பரின் மேல் வைத்தால் பளிச்சென்று தெரியும். அதனால் கையுறை விரலில் தொட்டு, பக்கத்துத் துளை வழியாகக் கையை விட்டு, உள்சுவரில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு கீற்று இழுத்தேன். பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றினேன். மறுகோடிக்குப் போய், "தண்ணிய எத்தன தடவ சுத்திகரிக்கிறீங்க?" என்று அறிவார்ந்த கேள்வி ஒன்றும் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், "வச்சீங்களா?" என்றாள். "வச்சேன்" என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

மார்கழியில் தரகர் கூப்பிட்டார். ஒரு பெரிய ஆள் இந்தக் கம்பெனிப் பங்குகளை மொத்தமாக வாங்கிக்கொள்கிறாராம், நாங்கள் கேட்ட விலைக்கே. அந்த வாரமே செம்பாக்கத்தில் ஒரு புது அடுக்குமாடியில் வீடு பார்த்தோம். மனைவி அறைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு லிஃப்டுக்கு வந்துவிட்டாள். பொத்தானை அழுத்தி மேலே போனாள், கீழே வந்தாள், மறுபடி மேலே போனாள். காவலாளி என்னைப் பார்த்தார். "செக் பண்றாங்க" என்றேன். கதவு திறந்தபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாணப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. மார்கழியில் யாராவது வீட்டுக்கு முன்பணம் கொடுப்பார்களா? தை பிறக்கட்டும், பங்கையும் விற்று முன்பணமும் கொடுத்துவிடலாம் என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தோம்.

தை பிறந்தது. பொங்கல் முடிந்த மறுநாள் கம்பெனியிலிருந்து எல்லாப் பங்குதாரர்களுக்கும் கடிதம் வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் கடைசியாகப் போன சேம்பரை நிராகரித்துவிட்டார். உட்புறம் மாசு. என்ன மாசு என்று சோதித்து ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தார்கள்: கால்சியம், பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பரஸ், கூடவே ஏதோ வாசனைப் பொருள். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மூலக் காரணத்தைக் கண்டுபிடித்து எழுத்தில் கொடுக்கும்வரை அடுத்த ஆர்டர் கிடையாது.

கம்பெனிக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. எருவை எரித்த சாம்பலில் என்னென்ன இருக்கும் என்று தெரிந்துகொள்ள வெளிநாட்டுச் சோதனைக்கூடம் தேவையில்லை. வாசனைப் பொருள் என்பது குன்றத்தூர் கடைக்காரர் தன் கைராசிக்குச் சேர்த்தது. கடிதத்தை நான்காக மடித்து அகராதிக்குள் வைத்தேன். பங்கு வாங்க இருந்த பெரிய ஆள் பின்வாங்கினார். செம்பாக்கம் வீட்டுக்கு வேறொருவர் முன்பணம் கொடுத்தார்.

"ஏதோ மார்க்கெட் சரியில்லையாம்" என்று மனைவியிடம் சொன்னேன். மார்க்கெட் பாவம், அதன் மேல் எதைப் போட்டாலும் வாய் திறக்காது.

சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே பஸ் பிடித்துப் போய்ச் சொல்லியிருந்தால் மூலக் காரணம் கிடைத்திருக்கும், ஆர்டர் திரும்பியிருக்கும். ஆனால் எனக்குள் ஓர் அழகான நியாயம் தயாராக இருந்தது. அவள் எவ்வளவு நம்பிக்கையோடு கொடுத்த விபூதி! அதனால்தான் அவளுடைய வீடே போயிற்று என்று தெரிந்தால் மனசு உடைந்துவிடாதா? அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று தினமும் எனக்கு நானே பாடம் நடத்தினேன். நல்ல ஆசிரியர், நல்ல மாணவர்.

கம்பெனி அதற்குள் தண்ணீரைச் சந்தேகப்பட்டது. இந்தப் பக்கத்து உப்புத் தண்ணீரில் கால்சியம் இருக்கும் என்று சுத்திகரிப்பு இயந்திரத்தை மாற்றினார்கள். வாடிக்கையாளர் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. உறை போடுகிற பிளாஸ்டிக்கை மாற்றினார்கள். மறுபடி தண்ணீரை மாற்றினார்கள். முதல் மாடிக்காரர் தனியாக ஒரு கொள்கை வைத்திருந்தார்.

"கடல் காத்துதான் வாத்யாரே. உப்பு. சிறுசேரி பக்கத்துல போய் எவனாவது இதுக்குக் கம்பெனி கட்டுவானா?"

"உப்புன்னா சோடியம் இருக்கணுமே. லிஸ்ட்ல இல்லையே" என்று அவரைத் திருத்தினேன். உண்மையை மறைத்தாலும் தப்பான பௌதிகத்தை என்னால் சகிக்க முடியாது.

மாசியில் ஒரு நாள் அவள் ரேஷன் பையோடு ஏறி வரும்போது முதல் மாடித் திருப்பத்தில் முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தாள். நானும் முதல் மாடிக்காரரும் சேர்ந்து, ஒவ்வொரு படியாகத் தூக்கிக் கொண்டுவந்தோம். டாக்டர் படி ஏறக் கூடாது என்றார். கூடாது என்றால் வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவள் கேட்டாள். அவர் மாத்திரை எழுதினார். அதற்குப் பிறகும் வாரத்துக்கு இரண்டு முறையாவது இறங்கினாள், பல்லைக் கடித்துக்கொண்டு. வைகாசியில் அதுவும் நின்றுவிட்டது.

ஒரு நாள் காலை பால்கனியில் அவள் குரல் கேட்டது. கயிற்றில் கூடையைக் கட்டிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். கீழே தள்ளுவண்டிக்காரம்மா அண்ணாந்து நின்றாள்.

"இன்னா மா, எறங்கவே மாட்ற? கத்திரிக்கா சோக்கா கீது, வந்து பொறுக்கிக்க."

"நீயே பொறுக்கிப் போடு. எனக்கு எங்க எறங்க முடியுது?"

"சொத்த வந்துச்சுன்னா என்னிய திட்டாத."

கத்திரிக்காயை அமுக்கிப் பார்க்காமல் வாங்கியதே இல்லை என் மனைவி. சம்பந்தம் பேசப் போன இடத்தில்கூட அவர்கள் வீட்டுக் கத்திரிக்காயைத் தொட்டுப் பார்த்தவள். கூடை மேலே வந்தது. அமுக்கிப் பார்க்காமலே உள்ளே எடுத்துப் போனாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியானமே கம்பெனிக்குக் கிளம்பினேன்.

மேலாளர் பெண் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் என் சட்டையின் மேல் பொத்தானைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கடைசியில் அது எந்தத் தண்ணீர் என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

"ரெண்டு தடவ வாட்டர் பிளான்ட்ட மாத்தினோம் சார். ரெண்டு தடவ."

"தெரியும்மா."

"ஃபைவ் வைன்னு ஒரு ஃபார்மட் இருக்கு சார். அஞ்சு தடவ ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டே போகணும். கடைசி ஏனுக்கு என்ன பதிலோ அதுதான் ரூட் காஸ். நான் அஞ்சு மாசமா முதல் ஏன்லயே நிக்கறேன்." கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். "சொல்லுங்க. சேம்பருக்குள்ள பவுடர் ஏன் வந்துச்சு?"

"நான் வச்சேன்."

"ஏன் வச்சீங்க?"

"வீட்ல வைக்கச் சொன்னா."

"அவங்க ஏன் சொன்னாங்க?"

"அவளோட பணம். உங்க கம்பெனில போட்டிருக்கு."

"ஏன் போட்டீங்க?"

"லிஃப்ட் இருக்கற வீடு வாங்கறதுக்கு."

"லிஃப்ட் ஏன்?"

"முட்டி வலி."

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "சார், இத அப்படியே அனுப்பினா ரூட் காஸ், பங்குதாரர் மனைவியோட முட்டி வலின்னு வரும். சரி செய்ய என்ன நடவடிக்கைன்னு கேப்பான். ஆர்த்தோ டாக்டர் பேரத்தான் எழுதணும்."

ஃபார்மட்டில் மறுபடி மேல் வரிக்குப் போனாள். "வெளிப்பக்கம் வச்சிருந்தீங்கன்னா உறை போடறப்ப துடைச்சிருப்போம் சார். போயே போயிருக்கும். ஏன் உள்ள வச்சீங்க?"

"யாரும் பாத்துடக் கூடாதுன்னு."

அதைத் தட்டினாள். பிறகு கையைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டு, "இத்தன நாள் ஏன் சொல்லல?" என்றாள். அது ஃபார்மட்டில் இல்லாத கேள்வி.

"அவ மனசு உடைஞ்சிடும்னுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். எதுவும் எழுதவில்லை. சோதனைக்கு அதே விபூதி கொஞ்சம் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். மறுநாள் சாமி அலமாரியிலிருந்து மனைவிக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். சொந்த வீட்டில் விபூதி திருடிய முதல் பௌதிக ஆசிரியர் நானாகத்தான் இருக்கும்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. அச்சு அசலாகப் பொருந்தியது. சாம்பல் என்று எழுதலாமா, எருச் சாம்பல் என்று எழுதலாமா என்று கம்பெனியில் ஒரு கூட்டமே போட்டு, கடைசியில் 'சடங்குக்கான தாதுப் பொடி, பார்வையாளர் கொண்டுவந்தது' என்று எழுதி அனுப்பினார்கள். வாடிக்கையாளருக்கு மகா திருப்தி. காரணம் கிடைத்துவிட்டதல்லவா. ஆர்டர் திரும்பியது. இனிமேல் கிளீன் ரூமுக்குள் யாரும் பையில் எதையும் கொண்டுபோகக் கூடாது என்று விதி எழுதினார்கள். பங்கும் மெல்ல எழுந்தது, பழைய விலையில் முக்கால் வரை. அந்த நாட்களில் செம்பாக்கத்தில் வீட்டு விலை முக்கால் ஆகவில்லை, ஒன்றேகால் ஆகியிருந்தது.

ஆர்டர் திரும்பியது என்ற நல்ல சேதி வந்த அன்றைக்கே, தைரியம் வந்து, சாயங்காலம் அவளிடம் சொன்னேன். தரையில் உட்கார முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சேம்பர், கீற்று, துளை, கடிதம், ஃபார்மட் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆறுதல் வார்த்தைகள் இரண்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவள் சிரித்தாள். "நான் மெஷினுக்கு வைக்கத்தானே சொன்னேன், உள்ள கைய விட்டா வைக்கச் சொன்னேன்?"

"உனக்கு வருத்தமா இல்லையா?"

"எதுக்கு? அங்க தூசி ஆகாதுன்னா ஆகாதுன்னு வாசல்லயே சொல்லியிருக்க வேண்டியதுதானே. நான் என்ன சண்டைக்கா வரப் போறேன்? இங்கயே அலமாரில வச்சுக் கும்பிட்டிருப்பேன்." கீரையை உருவினாள். "கும்பிடறதுக்கு மெஷின் பக்கத்துலயே போகணும்னு எதாவது இருக்கா."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. இவ்வளவு சுலபமா? பேச்சை அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?" என்று கேட்டாள்.

"லெட்டர் வந்த அன்னிக்கே. தையில."

கை நின்றது. கீரைக் காம்பை விரலில் பிடித்துக்கொண்டே எண்ணினாள். தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி.

"மாசில நான் படியில உக்காந்துட்டேனே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"தூக்கிக்கிட்டு வரும்போதும்?"

"ம்."

"உங்களுக்கு வெட்கமா இருந்ததுக்கு, அஞ்சு மாசமா நான் படி ஏறியிருக்கேன்."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கத்துவதற்கு ஏதாவது கிடைத்திருக்கும். தயார் செய்து வைத்திருந்த வாக்கியம்தான் வாயில் வந்தது.

"இல்ல, உன் மனசு உடைஞ்சிடுமேன்னு..."

"உடைஞ்சது மனசு இல்லீங்க. முட்டி."

எழுந்துகொண்டாள். எழுவதற்கு அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது, ஒன்று சுவருக்கு, ஒன்று ஸ்டூலுக்கு. கீரைத் தட்டை நான் வாங்கிக்கொண்டேன்.